கடலுக்குப் போகிற கால்

அம்பத்தூருக்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அப்படியிருந்தும் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வைகுந்த் ஸ்ட்ரக்சுரல்ஸ் கம்பெனியின் பெரிய கொட்டகைக்குள், கடலில் போய் நிற்க வேண்டிய ஒரு கால் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. கடலடியில் எண்ணெய்க்காகத் துளை போடும் மேடைக்கு மூன்று கால்கள். அதில் முதல் காலின் முதல் துண்டு அது. பருமனான இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டிய அந்தத் துண்டின் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் நிற்பவருக்குக் கேட்காது.

இது அம்பத்தூருக்கு வந்த கதை பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணூர்க் கப்பல் தளத்தில் கட்டுவதற்கு ஒரு கப்பலும் இல்லாமல், ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட காலம் ஒன்று இருந்தது. ஊர்வலம் போனார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். கடைசியில் மத்திய அரசு மனமிறங்கி, வெளிநாட்டில் வாங்கவிருந்த துளையிடும் மேடையை இங்கேயே கட்டட்டும் என்று தளத்துக்கு ஆர்டர் கொடுத்தது. தளம் கால் வேலையை மட்டும் அம்பத்தூருக்குத் தள்ளிவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை. முதல் துண்டு சோதனையில் தேறாவிட்டால் அந்தத் துண்டோடு சேர்த்து மிச்ச வேலை அத்தனையும் பம்பாய்க்குப் போய்விடும்.

அப்படிப் போனால் மானேஜர் திருவேங்கடத்துக்கு வருத்தம் ஒன்றும் வராது என்பதுதான் இதில் விசேஷம். கொட்டகை நிற்கிற நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. உள்ளே சர்க்கார் வேலை நடக்கிறவரை நிலத்தில் கை வைக்க முடியாது. முதலாளியின் ஆசையைத் தன் ஆசையாக நினைத்துக்கொள்கிற மானேஜர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பத்மா அந்தக் கொட்டகையில் சிப்பிங் வேலை பார்க்கிறவள். வெல்டிங்கின் மேல் படியும் கசடைச் சுத்தியலால் தட்டியெடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிற வேலை. அவள் கணவன் உத்தமன் அங்கேயே வெல்டர். கொழுந்தன் குணசேகரனும் வெல்டர்தான். ஆனால் போன மாதம் அவன் சூப்பர்வைசர் ஆகி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. கள்ளிக்குப்பத்தில் ஒரே வீடு, ஒரே கிணறு, ஆனால் இப்போது இரண்டு அடுப்பு.

அன்று காலையில் அந்தக் கிணற்றடியில்தான் விஷயம் ஆரம்பித்தது. குணசேகரன் பெண்டாட்டி புஷ்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு யாராண்டயும் சொல்லிடாத. இன்னிக்கு டெஸ்டு முடிஞ்ச கையோட ஏத்தறதுக்கு மானேஜரு டிரெய்லர் லாரி சொல்லிட்டாராம். இவுரு நேத்து ராத்திரி தூக்கம் வராம பொலம்பிக்கினு இருந்தாரு."

"எண்ணூருக்குப் போற லாரியா?"

"பம்பாய் லாரி அக்கா."

பத்மா கயிற்றை விட்டுவிட்டாள். வாளி உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. டெஸ்ட் இன்னும் நடக்கவே இல்லை. அதற்குள் ஃபெயில் என்று முடிவு கட்டி லாரி பிடித்திருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? வாளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

உள்ளே உத்தமன் நின்றுகொண்டே பழையதைக் குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"லாரி வந்தா வெறும் லாரியா திரும்பிப் போவும். டெஸ்டு போட்டா போடட்டுமே. நான் வெச்ச ஜாயிண்டு ஒண்ணாச்சும் இதுவரிக்கும் ஃபெயிலு ஆயி கீதா?"

உத்தமனுக்குத் தன் கை மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. எஸ்டேட்டில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை, ஏனென்றால் கை அப்படிப்பட்ட கை.

தளத்திலிருந்து சோதனைக்கு வந்தவர் வேலுசாமி. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். வந்ததும், "ஜாயிண்டெல்லாம் மருந்து போட்டுத் துடைச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

"விடியக்காலையே துடைச்சாச்சு சார். இங்க க்ளீனர் மருந்துகூடத் தீந்துபோச்சு. நீங்க ஆரம்பிங்க" என்றார் திருவேங்கடம்.

சோதனை பார்க்க எளிதானது. ஜாயிண்டின் மேல் சிவப்பு மருந்தை அடிப்பார்கள். கீறல் இருந்தால் மருந்து அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்தை அடித்தால், ஒளிந்திருந்த சிவப்பு வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். சிவக்காமல் வெள்ளையாகவே இருந்தால் ஜாயிண்ட் நல்ல ஜாயிண்ட்.

முதல் ஜாயிண்ட் சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. அதற்கடுத்தது அம்மை போட்டதுபோல் திட்டுத் திட்டாகச் சிவந்தது. கொட்டகையில் கிரைண்டர் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வெல்டர்கள் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்கள். தாங்கள் வைத்த ஜாயிண்ட்தானா இது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதென்னுங்க கூத்து" என்று வேலுசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீறலா இருந்தா கோடா வரோணும். இது திட்டுத் திட்டா வருது."

"சிவப்பு சிவப்புதானே சார். இவங்களுக்கு வீட்டு கேட்டுக்கு வெல்டிங் வைக்கத் தெரியும். கடல்ல நிக்கிற காலுக்கா தெரியும்? ஃபெயில்னு எழுதிட்டுக் கிளம்புங்க. வெளிய லாரி ரெடியா இருக்கு" என்றார் திருவேங்கடம்.

பத்மாவுக்கு அந்தத் திட்டுகளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்த மாதிரி என்ன, அவள் கையால் வைத்ததுதான் அது. முந்தாநாள் ஆயுத பூஜை. எஸ்டேட் முழுக்க லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். நமக்கெல்லாம் சோறு போடுவது இந்தக் கால்தானே, இதற்கு ஒரு பொட்டோடு நிறுத்தினால் எப்படி என்று, பத்மாவும் கூட்டாளிகளும் ஒரு ஜாயிண்ட் விடாமல் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அப்பியிருந்தார்கள். காலையில் மானேஜர் சொன்னபடி மருந்து இல்லாமல் வெறும் வேட்டித் துணியால் துடைத்தது மேலே இருந்ததைத்தான் எடுத்திருக்கிறது. வெல்டிங்கின் நெளிவுகளுக்குள் புகுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம்தான் யோசித்தாள்.

"சார், அது குங்குமம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பூஜைக்கு நாங்கதான் வெச்சோம். எண்ணெல கொழைச்சு வெச்சோம். துணில தொடைச்சா போவாது சார். மருந்து போட்டுக் கழுவணும்."

திருவேங்கடம் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா சார். இரும்புக்குப் பொட்டு வெச்சாங்களாம். அதுக்காக சர்க்கார் ஆர்டர் காத்துக்கிட்டு நிக்கணுமாம். கழுவ மருந்து இல்லம்மா. போய் வேலையைப் பாரு."

வேலுசாமி தயங்கினார். கழுவிவிட்டு மறுபடி பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனியே வேண்டாம் என்கிறபோது நாம் எதற்கு என்ற தயக்கம். நல்லவர்களின் இந்தத் தயக்கத்தை நம்பித்தான் பாதி அநியாயங்கள் நடக்கின்றன.

கொட்டகையின் பெரிய கதவு திறந்தது. டிரெய்லர் பின்பக்கமாக உள்ளே வர ஆரம்பித்தது.

பத்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாய்வு ஏணியில் ஏறி, காலின் மேல் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா இது, எறங்கு" என்றார் திருவேங்கடம். கோபம் வந்தால் அவருக்கும் மெட்ராஸ் பாஷை வந்துவிடும்.

"மாட்டேன் சார். கழுவிட்டு மறுபடி மருந்து அடிங்க. எல்லார் எதிர்லயும் அடிங்க. அப்பவும் செவந்தா எவன் ஜாயிண்டு செவக்குதோ அவன் வெளிய போட்டும். அத்த உட்டுட்டு ஒட்டுமொத்தமா எல்லார் சோத்துலயும் மண்ணப் போடாதீங்க."

"ஆர்டர் குடுத்தது கவர்மெண்டு. உன் பேரு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாட்டி இன்னா சார். வேலை இல்லாதவங்களுக்கு வேலைன்னு சொல்லித்தான குடுத்தாங்க. அந்த வேலை இல்லாதவ நான்தான்."

கீழே நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். கூட்டாளி ஜமீலா புர்க்காவை அவிழ்த்து ஏணியில் மாட்டிவிட்டு மேலே ஏறினாள். அவளுக்குப் பின்னால் கண்ணம்மா ஏறினாள். பிறகு சிப்பிங் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து, வெயிலில் மிளகாய் காயப்போட வந்தவர்கள்போல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்கள். டிரெய்லர் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

"குணசேகரா, உங்க அண்ணியை எறக்கு. இல்லாட்டி நீயும் சேந்து வெளிய போ" என்றார் திருவேங்கடம்.

குணசேகரன் ஏறி வந்தான். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படாமல் வர அவன் பட்ட பாட்டைப் பார்த்து வேறொரு நாளாக இருந்தால் பத்மா சிரித்திருப்பாள்.

"அண்ணி, எறங்கி வா. என் வேலைக்கு உலை வெச்சிடாத."

"உன் வேலை இன்னா வேலை குணா? சூப்பர்வைசரு. இந்தக் கொட்டா போயிட்டா நீ யாரை சூப்பர்வைஸ் பண்ணுவ, புஷ்பாவையா?"

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கழுவற மருந்து ஸ்டோர்ல கீதா இல்லியா?"

குணசேகரன் கீழே பார்த்தான். அங்கே மானேஜர் நின்றார். கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு அவன் அண்ணன் நின்றான். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீது. ரெண்டு பொட்டி கீது" என்றான் குணசேகரன். மெல்லத்தான் சொன்னான். ஆனாலும் வேலுசாமி காதில் விழுந்துவிட்டது.

அவன் இறங்கி ஸ்டோர் பக்கம் நடந்தான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான்.

"சாவியை இங்க குடு" என்றார் திருவேங்கடம்.

"தொறந்துட்டுக் குடுக்கறேன் சார்."

அதற்கப்புறம் கொட்டகையில் நடந்தது கல்யாண வீட்டு வேலை மாதிரி இருந்தது. பெண்கள் மருந்து நனைத்த துணியால் ஜாயிண்ட் ஜாயிண்டாகக் கழுவினார்கள். வைத்த குங்குமத்தைத் தாங்களே எடுக்கிறோமே என்று கண்ணம்மா ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேலுசாமியும் தயக்கமெல்லாம் விட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சிவப்பையும் வெள்ளையையும் மறுபடி அடித்தபடி பின்னாலேயே வந்தார்.

வெள்ளை மருந்து வெள்ளையாகவே நின்றது. அடுத்த ஜாயிண்டிலும் அப்படியே நின்றது. ஒவ்வொன்றுக்கும் வெல்டர்கள் விசில் அடித்தார்கள். திருவேங்கடம் தன் அறைக்குப் போய் டெலிபோனைச் சுற்ற ஆரம்பித்தார். பத்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்னும் கடைசி மூலை ஒன்றுதான் பாக்கி.

அந்த மூலையில் வெள்ளைக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தது. மெல்லிய, நேரான, சிவப்புக் கோடு.

வேலுசாமி துணியால் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். கோடு மறுபடி வந்தது.

"இது குங்குமம் இல்லீங்க" என்றார்.

எந்த வெல்டர் வைத்த ஜாயிண்டோ அவன் நம்பரைப் பக்கத்திலேயே பஞ்ச் என்கிற எண் அச்சால் இரும்பில் குத்திவிட வேண்டும் என்பது தளத்தின் சட்டம். வேலுசாமி கட்டைவிரலால் தடவிப் பார்த்து நம்பரை வாசித்தார். வாசித்திருக்கவே வேண்டாம். அந்த நம்பர் யாருடையது என்று கொட்டகைக்கே தெரியும்.

உத்தமன் முன்னால் வந்தான். குனிந்து பார்த்தான். விரல் நகத்தால் கோட்டைக் கீறிப் பார்த்தான்.

"என்னுதுதான் சார். பூஜைக்கு மொதநாள் வெச்சது. வெல்டிங் ராடு காய வெக்கற அடுப்பைப் பூஜைக்குன்னு அணைச்சுக் கழுவி வெச்சிருந்தாங்க. காயாத ராடு. போடக் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் பூஜைக்குள்ள முடிச்சிடணும்னு..."

மிச்சத்தை முழுங்கிவிட்டான். மிச்சம் பத்மாவுக்குத் தெரியும். நீ இந்த மூலையை முடிச்சிட்டா மொத்தக் காலுக்கும் பொட்டு வெச்சிடலாம்யா என்று அவனை விரட்டியது அவள்தான். ஈர ராடில் வைத்தால் வெல்டிங் ஆறின பிறகு உள்ளுக்குள் விரிசல் விடும். அது தெரிந்தும் அவன் வைத்தான். அவள் கேட்டதால் வைத்தான்.

திருவேங்கடம் டெலிபோனை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ ஃபெயில்தானே சார்?"

"முழுசா ஃபெயில் இல்லீங்க. வெட்டியெடுத்துட்டு ஒரு தடவை மறுபடி வைக்கலாமுங்க. ஆனா இவரு வைக்க முடியாது. ஈர ராடு போட்டவரு இனி இந்த வேலையில கை வைக்கக் கூடாது. நம்பரைத் திருப்பிக் குடுத்துடோணும்."

"வெச்சுக்கட்டுமே சார், பாவம். நான் வேணா இந்த ஒரு ஜாயிண்டைப் பாக்காத மாதிரி விட்டுடறேன்" என்றார் திருவேங்கடம். பார்வை பத்மா மேல் இருந்தது. "என்னம்மா, நீதானே சொன்ன, எவன் ஜாயிண்டு செவக்குதோ அவன் வெளிய போட்டும்னு. உன் ஊட்டுக்காரனுக்கு மட்டும் வேற சட்டமா?"

அவர் கேட்டதில் இருந்த கண்ணி பத்மாவுக்குப் புரிந்தது. விட்டுவிடச் சொன்னால், நாளைக்குக் கோளாறை மறைத்தார்கள் என்று ஒரே வார்த்தையில் எல்லாரையும் பம்பாய்க்கு அனுப்பிவிடுவார். விடாதே என்றால் போவது அவள் புருஷன். உத்தமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை தனக்காகச் சொல்ல மாட்டாளா என்கிற பார்வை அது. 

"ஒரே சட்டந்தான் சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பஞ்ச்சைக் குடுத்துடுய்யா."

அவள் கையை நீட்டினாள். உத்தமன் பாக்கெட்டிலிருந்து பஞ்ச்சை எடுத்து, அவள் கையில் வைக்காமல், இரும்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. யாருக்கும் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சரி, மூலை ஜாயிண்டு வைக்க இங்க வேற யாருங்க பாஸ் பண்ணியிருக்கறது?" என்று கேட்டார் வேலுசாமி.

வெல்டர்கள் கேட் பக்கம் பார்த்தார்கள். அந்த மாதிரி நெருக்கடியான மூலைக்குப் பரீட்சை எழுதித் தேறினவர்கள் கம்பெனியிலேயே இரண்டு பேர்தான். ஒருவன் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

குணசேகரன் வெள்ளைச் சட்டையைக் கழற்றினான்.

"வெல்டிங் ஹோல்டரைத் தொட்டியானா நாளைலருந்து நீ சூப்பர்வைசர் இல்ல" என்றார் திருவேங்கடம்.

"சரி சார்" என்றான் குணசேகரன். அதற்குமேல் அவரிடம் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை. ஜமீலா அடுப்பிலிருந்து சுடச்சுட ராடுகளை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் கீறலை வெட்டியெடுத்தான். முகமூடியை இறக்கிக்கொண்டு வைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விலகிக்கொள்வான். பத்மா வந்து கசடைத் தட்டுவாள். கண்ணிலிருந்து வழிவதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுப்பாள்.

பொழுது சாயும்போது ஜாயிண்ட் முடிந்தது. நன்றாக ஆறின பிறகு நாளைக்கு வந்து பார்ப்பதாகவும், அதுவரை அந்தக் காலை ஓரடிகூட நகர்த்தக் கூடாது என்றும் வேலுசாமி சாக்பீஸால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனார். டிரெய்லர் மட்டும் போகவில்லை. கேட்டுக்கு எதிரே சாலையோரத்தில் நிறுத்திக்கொண்டு டிரைவர் படுத்துவிட்டான். நாளைவரை இருக்கச் சொல்லி மானேஜர் உத்தரவாம். ராத்திரியில் ஆள் இல்லாவிட்டால் துண்டை ஏற்றிவிடுவார்கள் என்று, பெண்கள் எல்லோரும் காவலுக்கு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் புஷ்பா தூக்குச்சட்டியோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, மாமா ஊட்டுக்கு வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. துணிமணிய ஒரு பையில போட்டுக்கினு கெளம்பிட்டாரு. பூந்தமல்லி பஸ்ஸுக்கு நிக்கிறாருன்னு கடைக்காரரு சொன்னாரு. அங்க போயிட்டா எந்த ஊரு பஸ் ஏறுவாரோ. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவாரு. வா அக்கா."

பத்மா வாசல்வரை வந்துவிட்டாள். பஸ் நிற்குமிடம் கூப்பிடு தூரம்தான். ஓடினால் பிடித்துவிடலாம். அவளுக்கு ஓடத்தான் தோன்றியது. அவன் காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். பெண்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, உலை வைக்க வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்பதற்குப் புருஷன் இருக்கிறான். இவள் ஒருத்தி கேட்டைத் தாண்டினால் அடுத்த நிமிஷம் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். எதிரே டிரெய்லரின் விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது.

"அக்கா, பஸ் வந்துடும்" என்று புஷ்பா கையைப் பிடித்து இழுத்தாள்.

பத்மா கையை விடுவித்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"அவரு கோவம் தீந்தா திரும்பி வருவாரு புஷ்பா. இது போச்சுன்னா வராது."

மேலே ஏறி உட்கார்ந்தபோது, சாலையில் பஸ் வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.